பரோட்டாக் கல்லை விட்டு நின்ற மாதங்கள்

குழந்தைப்பேறு மருத்துவமனைகளில் பெண்களுக்கான ஸ்கேன் அறைக்கு வெளியே வரிசையாக நாற்காலி போட்டிருப்பார்கள். மின்விசிறி சுற்றும், டி.வி. ஓடும். ஆண்கள் விந்து மாதிரி கொடுக்கும் அறை மட்டும் நடையின் கடைசியில், மாடிப்படிக்குப் பக்கத்தில், துடைப்பம் வைக்கிற அலமாரிக்கு எதிரே இருக்கும். அங்கே நாற்காலி கிடையாது. போட்டாலும் யாரும் உட்காரப் போவதில்லை.

திருச்சியில் அப்படி ஒரு நடையில்தான் என் கணவர் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கைக்குட்டைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நீ போயி அங்க ஒக்காரு அரசி. இங்க எதுக்கு நிக்கிற?"

"நான் எத்தனை ரூமுக்குள்ள போயிட்டு வந்திருக்கேன். ஒரு ரூம் வாசல்ல நின்னா ஒண்ணும் கொறஞ்சுட மாட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் என்னை மறுபடி போகச் சொல்லவில்லை. அந்த நடையை இப்போது நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி நடையை நினைத்து ஏங்குகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது பெரம்பலூருக்குப் பக்கத்தில் குரும்பலூரில். நான் டவுனில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். என் கணவர் கலியமூர்த்தி நெடுஞ்சாலையோர ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற பஸ்காரர்கள் தன் கைப் பரோட்டாவுக்காகவே அங்கே நிறுத்துகிறார்கள் என்பார். நிறுத்துகிற பஸ்காரர்களுக்கு அங்கே சாப்பாடு இலவசம் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் எனக்கு இரண்டு முறை கரு தங்கியது. இரண்டு முறையும் மூன்றாவது மாதம் பிறக்கும் முன்பே கலைந்தது. முதல் தடவை கடையில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் அடிவயிற்றில் பிடித்து இழுத்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், கர்ப்பம் பார்க்கிற அட்டையை யாருக்கும் தெரியாமல் காகிதத்தில் சுற்றித் தரச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றிக் கொடுத்து, மீதிச் சில்லறையும் கொடுத்துவிட்டுத்தான் பின்பக்கம் போனேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பரிசோதனை எல்லாம் எனக்குத்தான். ஸ்கேன், தைராய்டு, சர்க்கரை, கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் படம் (குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது) என்று ஒன்று விடவில்லை. எல்லாமே சரியாக இருந்தது. ஒரு குறையும் இல்லை என்று ஒவ்வொரு டாக்டரும் சொல்லச்சொல்ல, குறை எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. என் உடம்பை நான் சந்தேகத்தோடு பார்க்கப் பழகிவிட்டேன். "அவளுக்கு வயித்துல தங்க மாட்டேங்குது" என்று என் மாமியார் உறவுக்காரர்களிடம் சொல்வது காதில் விழும். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் கணவருக்கும் ஒரு பரிசோதனை நடந்திருந்தது. முதல் கரு தங்குவதற்கு முன்பே பெரம்பலூரில் விந்துப் பரிசோதனை (விந்தணுவின் எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் பார்ப்பது) செய்திருந்தோம். எண்ணிக்கை அள்ளிக் கொட்டியிருந்தது. ஆய்வகத்துப் பெண்ணே, "சாருக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க" என்றாள். அன்றைக்கு அவர் வண்டி ஓட்டிய தோரணையைப் பார்க்க வேண்டும். வழியில் இரண்டு பேருக்கு லிஃப்ட் கொடுக்க வலியப் போய் வண்டியை நிறுத்தினார், நான் பின்னால் உட்கார்ந்திருப்பதையும் மறந்து.

இரண்டாவது முறை கலைந்த பிறகு ஒரு வருடம் நாங்கள் எந்த ஆஸ்பத்திரிப் பக்கமும் போகவில்லை. இன்னொரு தடவை தங்கி, இன்னொரு தடவை போனால் என்னால் எழுந்திருக்க முடியாது என்று அவரிடம் நேராகவே சொல்லியிருந்தேன். அடுத்த தை மாதம் அவரேதான் என்னைத் திருச்சிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இருந்த டாக்டரம்மா என் கோப்பைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார். என்னை விட்டுவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினார். இத்தனை வருடத்தில் ஒரு டாக்டர் அப்படித் திரும்பியது அதுதான் முதல் முறை.

"ரெண்டு தடவையும் எந்த மாசம் தங்குச்சு?"

"தை மாசங்க. ரெண்டு தடவையும் மலைக்குப் போயிட்டு வந்த பின்னாடி."

"அது என்ன கணக்கு?"

அவர் விளக்கினார். கார்த்திகை பிறந்தால் அவர் ஐயப்பனுக்கு மாலை போடுவார். முட்டை, கறி வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு நின்று பரோட்டா மட்டும் வீசுவார். ஒரு மண்டலம் விரதம். மாலையைக் கழற்றியதும்தான் நாங்கள் குழந்தைக்கு முயற்சி செய்வோம். மற்ற மாதங்களில் அவர் வீடு வந்து சேரும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன், நான் கடைக்குக் கிளம்பும்போது அவர் குறட்டையில் இருப்பார். விரதம் முடிந்த சமயம்தான் உடம்பும் மனசும் பலமாக இருக்கும் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன், மாமியாரும் நம்பினார்.

"மொதல் டெஸ்ட்டு குடுத்தது எப்போ?"

"அதுவும் மாலையக் கழட்டுன மறுநாளுங்க. மூணு நாளாவது தள்ளி இருந்துட்டுக் குடுக்கணும்னு லேப்ல சொன்னாங்க. மூணு நாளே நல்லதுன்னா ஒரு மண்டலம் இன்னும் நல்லதுதானேன்னு நெனைச்சேன். எத்தனை நாளாச்சுன்னு கேட்டாங்க. மூணு நாளுக்கு மேலயே ஆச்சுன்னு சொன்னேன்."

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. டாக்டரம்மா கையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்று தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

"அது சரிங்க மேடம்" என்றார் என் கணவர். "மாவு ஊறுனாத்தானே பரோட்டா மெத்துன்னு வரும்?"

"நீங்க பரோட்டா மாஸ்டரா?" என்று கேட்ட டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, நீங்களே சொல்லுங்க. மாவு அளவுக்கு மீறி ஊறினா என்ன ஆகும்?"

"தொளதொளன்னு ஆயிடுங்க. உருண்டை பெருசாத்தான் தெரியும். வீசுறப்ப கிழிஞ்சுடும்."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார்.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். விந்தணுவின் தலைக்குள் டி.என்.ஏ. (அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிற பாரம்பரியச் செய்தி இருக்கும் இழை) சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அணு நன்றாக ஓடலாம், எண்ணிக்கையும் நிறைய இருக்கலாம், ஆனாலும் உள்ளே அந்த இழை அறுந்திருக்கலாம். சாதாரணப் பரிசோதனையில் இது தெரியாது. அறுந்த அணுவாலும் சில சமயம் கரு தங்கும். ஆனால் வளரும்போது தடைப்பட்டுக் கலைந்துபோக வாய்ப்பு அதிகம். ரொம்ப நாள் இடைவெளி விட்டால் அணுக்கள் உள்ளேயே தேங்கிச் சிதையும். சூடு, புகை, காய்ச்சல், விரைப்பையில் புடைத்த இரத்தக் குழாய் இவையும் சிதைக்கும். அடுத்து அவர் கேட்ட கேள்விக்கு எங்கள் இரண்டு பேரிடமும் பதில் தயாராக இருந்தது.

"அடுப்பு உங்களுக்கு எந்த உயரத்துல இருக்கும்?"

என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, தன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினார்.

அப்படித்தான் அந்த நடையின் கடைசி அறைக்கு வந்தோம். இந்த முறை இடைவெளி இரண்டு மூன்று நாள்தான், அதற்கு மேல் போகக்கூடாது என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். பரிசோதனைக்குப் பெயர் விந்தணு டி.என்.ஏ. சிதைவுப் பரிசோதனை. மாதிரியில் கொஞ்சத்தைக் கண்ணாடித் துண்டில் பசை போன்ற ஒன்றோடு பரப்பி, மருந்து விட்டு, சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். இழை முழுசாக உள்ள அணுவைச் சுற்றி அகலமாக ஒரு வட்டம் விரியும். அறுந்த அணுவைச் சுற்றி வட்டம் சிறுத்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

டாக்டரம்மா அதைத் திரையில் காட்டினார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அகல வட்டம். மற்றவை வெறும் புள்ளிகள். சிதைவு இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது.

"நெலாவச் சுத்தி வட்டமாக் கோட்டை கட்டுன மாதிரி இருக்குதுங்க" என்றார் என் கணவர் மெதுவாக. "அகலமா எட்டக் கோட்டை கட்டுனா கிட்ட மழைம்பாங்க எங்க ஊருல."

"மழை வர வைக்கலாம். ஆனா உறுதி தரமாட்டேன்" என்றார் டாக்டரம்மா. இந்தப் பரிசோதனை எல்லாருக்கும் தேவையில்லை என்றும், திரும்பத் திரும்பக் கரு கலைகிறவர்களுக்குக் காரணம் தேடும்போதுதான் உதவும் என்றும், இதுதான் காரணம் என்று நூற்றுக்கு நூறு யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். எங்களுக்கு உறுதிதான் வேண்டும் போலிருந்தது. ஆனால் உறுதி தராத ஒருவரைத்தான் எனக்குப் பிடித்தது. அதுவரை உறுதி தந்தவர்கள் நிறையப் பேர்.

என் கணவருக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். இரத்தக் குழாய்ப் புடைப்பு இல்லை, அறுவை சிகிச்சை வேண்டாம். புதிதாக விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வரக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதமும் அடுப்படியில் நிற்கக்கூடாது, சிகரெட் கூடாது. சில வைட்டமின் மாத்திரைகள். இதை விட்டால் வேறு மருந்தில்லை.

மாலையைப் பற்றி அவருக்குக் கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் பயம். வாசல் வரை போய்த் திரும்பி வந்து கேட்டார்.

"தாராளமாப் போடுங்க" என்றார் டாக்டரம்மா. "கழட்டுன கையோட இங்க வராதீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பாடாலூர் தாண்டியும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடமிருந்து ஒரு கனம் இறங்கிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதிதான். என் வயிறு என்னை ஏமாற்றவில்லை என்ற நிம்மதி. பிறகு, என்னிடமிருந்து இறங்கிய அந்தக் கனம் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். நான் பட்டதை அவர் படக்கூடாது என்று இருந்தது. வெள்ளரிப் பிஞ்சு வாங்கி, மிளகாய்த்தூள் தடவி அவர் கையில் கொடுத்தேன். வாங்கித் தின்றார்.

வீட்டுக்குப் போனதும் மாமியார் வழக்கம்போல என்னிடம்தான் கேட்டார். "என்ன சொன்னாங்க? உனக்கு ஊசி எதும் எழுதிக் குடுத்தாங்களா?"

நான் வாயைத் திறக்கும் முன் என் கணவர் சொன்னார். "அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. கொறை எங்கிட்டதான். அடுப்புச் சூட்டுல கெட்டுருக்கு. இனிமே யாருகிட்டயும் அவளுக்குத் தங்கலன்னு சொல்லாத."

மாமியார் முறத்தில் வைத்திருந்த சின்ன வெங்காயத்தை அப்படியே கீழே வைத்தார். மகனைப் பார்த்தார், பிறகு என்னை.

"அப்ப இவ்வளவு நாளு இந்தப் புள்ளையத்தான் நான் பேசிட்டிருந்தேனா?"

மாமியார் எழுந்து வந்து என் தலையைத் தொட்டார். "ஒரு வாய் காப்பித்தண்ணி குடி" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் காப்பியில் சர்க்கரை ரொம்பத் தூக்கலாக இருந்தது.

ஓட்டல் முதலாளியிடம் அவர் என்ன காரணம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. காலையில் போய் மாவு பிசைந்து, எண்ணெய் தடவி, உருண்டை போட்டு மூடி வைத்துவிட்டு மதியமே வந்துவிடுவார். கல்லில் வேறொருவர் நின்றார்.

அந்த நடையை நினைத்து ஏங்குவதாகச் சொன்னது, அங்கிருந்து தொடங்கிய இந்த மாதங்களுக்காகத்தான்.

பரோட்டா மாஸ்டருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு மாலை நேரம் என்று ஒன்று கிடையாது. ஊரே வீடு திரும்பும்போது அவர் கடைக்குக் கிளம்புவார். ஐந்து வருடத்தில் விளக்கு வைக்கும் நேரத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைகூட இல்லை. இப்போது கடை முடித்து நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஸ்டாப்பில் நின்றிருப்பார். என்னிடமிருந்து பையை வாங்கிக்கொள்வார். பையில் ஒன்றும் இருக்காது.

சாலையில் பாதியை மக்காச்சோளம் காயப்போட்டு அடைத்திருப்பார்கள். மீதிப் பாதியில் நாங்கள் நடப்போம். அந்த நேரத்தில் என்ன பேசுவது என்று ஆரம்பத்தில் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "இந்த நேரத்துல கடையில கூட்டம் அலைமோதும்" என்று தினமும் ஒரு தடவை சொல்வார். கை சும்மா இருக்காது. ஈரத் துண்டைக் கொடியில் போடும் முன் காற்றில் ஒரு வீசு வீசி, மடக்கி, சுருட்டுவார். மாமியார், "டேய், அது துண்டுடா" என்பார். மூவரும் உட்கார்ந்து வெங்காயம் உரிப்போம். கண்ணில் தண்ணீர் வந்தாலும் யாரும் யாரையும் ஏன் என்று கேட்க வேண்டியதில்லை.

அந்தப் பங்குனியில் என் அம்மா வீட்டுக்குப் போனோம். அரியலூர்ப் பக்கம், திருமழபாடிக்கு நடந்து போகிற தூரம். அந்தக் கோயிலில் பங்குனியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும்; நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். நான் பார்த்த அடுத்த வருடமே எனக்குக் கல்யாணம் ஆனது. பிள்ளைக்கு யார் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எவரும் சொல்லி வைக்கவில்லை. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே அவரிடம் இதைச் சொன்னேன்.

"மொதல்ல நாம ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம்" என்றார். பிறகு கொள்ளிடக் கரையில் மணலில் உட்கார்ந்தோம். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. அவர் உடம்பில் அடுப்புப் புகையும் எண்ணெயும் கலந்த வாசனை போய், வெறும் சோப்பு வாசனைதான் வந்தது. யாரோ புது ஆளோடு உட்கார்ந்திருப்பது போல எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளை பிறக்காவிட்டாலும் இது போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்த நாள் போதாது என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மைதான்.

வைகாசியில் மறுபடி பரிசோதனை. திரையில் இப்போது அகல வட்டங்கள் நிறைய இருந்தன. புள்ளிகளும் இருந்தன. ஆனாலும் அளவுக்குள் வந்திருந்தது. என் கணவர் திரைக்குக் கிட்டப் போய் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாதான் சொன்னார். "எட்டக் கட்டியிருக்கு போலயே."

ஆடியில் கரு தங்கியது. ஆடியில் தங்கினால் சித்திரையில் பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்பது ஊர்ப் பேச்சு. அக்கம்பக்கத்தில் ஒருத்தி அதை எடுத்தபோது, "வர்ற புள்ளைய நாள் பாத்தா வரச் சொல்ல முடியும்? ஒன் வேலையப் பாரு" என்று மாமியார் ஒரே போடாகப் போட்டார்.

மூன்றாவது மாதம் பிறக்கும் வரை நான் கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். இதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வயிற்றைத் தொட மாட்டேன், பெயர் யோசிக்க மாட்டேன், நாளை என்று ஒன்றைப் பற்றிப் பேச மாட்டேன். ஸ்கேனில் துடிப்பைக் கேட்ட அன்று டாக்டரம்மா, "இதோட போன தடவை நின்ன இடத்தைத் தாண்டிட்டோம்மா" என்றார். வெளியே வந்து, நாற்காலிகளை எல்லாம் தாண்டிப் போய், அந்த நடையின் கடைசியில் மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அவரும் அங்கேதான் வந்து நின்றார்.

மூன்று மாதம் முடிந்தும் கல்லுக்குப் போகாமலே இருந்தவர், ஐப்பசியில் மறுபடி போய்விட்டார். இனிப் பயமில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவருக்கும் கை அரித்துக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து என் மாலை நேரங்கள் மறுபடி காலியாகிவிட்டன.

எங்களைப் போல இருக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. பெண்ணின் கோப்பு தடித்துக்கொண்டே போனால், ஆணின் கோப்பு எங்கே என்று கேளுங்கள். மாதிரி கொடுக்கும் நாளை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள், எந்த நல்ல நம்பிக்கையில் என்றாலும். அடுப்பு, கொதிகலன், லாரி எஞ்சின் என்று எந்தச் சூட்டில் வேலை என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எங்களுக்கு மழை வந்தது. இதே மருந்து, இதே மூன்று மாதம் இருந்தும் வராதவர்களை அந்த நாற்காலிகளில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியாது.

என் உடம்பு இப்போது வேறு கணக்கில் ஓடுகிறது. மற்றவர்களுக்கு மாதம் என்றால் எனக்கு மூன்று மாதம்தான் ஒரு அடி. எந்த நல்லதும் கெட்டதும் மூன்று மாதத்துக்கு முன்பே உள்ளே தொடங்கிவிட்டிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. மகளுக்கு இப்போது நடை வந்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலுக்கு ஓடுவாள். அந்த நேரத்தில் அவள் அப்பா கல்லுக்கு முன்னால் நிற்பார். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனாலும் நானும் அவள் பின்னாலேயே போய் வாசலில் நிற்கிறேன்.

அவள் பிறந்ததும் அந்த நேரத்தில்தான். சித்திரை வெயில் இறங்கியும் சுவர் எல்லாம் அனலாக இருந்தது. போன் போனதும் அவர் கல்லை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். முழங்கை வரை மாவு. அதே பழைய எண்ணெய் வாசனை. நர்ஸ் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி, பிறகு பிள்ளையைத் துணியில் சுற்றி அவர் கையில் வைத்தார்.

என் கணவர் கொதிக்கிற கல்லிலிருந்து பரோட்டாவை வெறும் விரலால் எடுப்பவர். எடுத்து அடுக்கி, சூடு ஆறும் முன் இரண்டு கையாலும் தட்டி உதிர்ப்பவர். கல்யாணமான புதிதில் நான் பதறிப்போய்க் கேட்டதற்கு, "வெரலு காய்ச்சுப் போச்சு அரசி, இனிமே எதுவும் சுடாது" என்று சொன்னவர்.

பிள்ளையின் உள்ளங்காலை ஒரே ஒரு விரலால் தொட்டார். சட்டென்று விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சுடுது அரசி" என்றார்.

மறுபடியும் தொட்டார். பிறகு ரொம்ப நேரம் அவர் அவளை யாரிடமும் கொடுக்கவில்லை.